உல்நாடு

ஆமா சார், அது எங்க போல்ட்டுதான். அதைக் கண்டுபிடிக்க இவ்வளவு தூரம் ஜீப்புல வரணுமா? இவ்வளவு அழகா தப்பு விடுறது எந்தப் பட்டறைன்னு தெருமுனையில கேட்டிருந்தாலே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டிருப்பாங்களே. உக்காருங்க. அந்த ஸ்டூலு ஆடும், இதுல உக்காருங்க. முதலாளி உள்ளதான் இருக்காரு. நீங்க நீட்டின பேப்பர்ல கையெழுத்துப் போட மூக்குக் கண்ணாடியைத் தேடிட்டிருக்காரு. கண்ணாடி அவரு சட்டைப் பையிலதான் இருக்கு, அது அவருக்கும் தெரியும். தேடட்டும், பாவம். தான் செஞ்சது போலிச் சரக்குன்னு தன் கையால எழுதிக் குடுத்துட்டு, பதினெட்டுப் பேரு வேலை பாக்குற பட்டறையை இழுத்து மூடணும்னா, கண்ணாடி அவ்வளவு சீக்கிரம் கிடைச்சிருமா என்ன?

நானா? நான் இங்க அச்சு வெட்டுறவ. போல்ட்டுத் தலையில எழுத்து இருக்கில்ல, அது உலையிலிருந்து சிவப்பா வெளிய வர்றப்பவே எஃகு அச்சை வச்சு ஒரே அடி. அந்த அச்சுல எழுத்தைத் திருப்பி வெட்டணும், கண்ணாடியில தெரியுற மாதிரி. பதினாறு வருஷமா வெட்டுறேன். இப்பல்லாம் கடை போர்டைப் பாத்தா, இது ஏன் திரும்பி நிக்குதுன்னு ஒரு நிமிஷம் தோணும். அதனாலதான் இங்க எல்லாருக்கும் நான் எழுத்தக்கா. ஆனா பெரிய படிப்பெல்லாம் கிடையாது, எழுத்துக் கூட்டத்தான் தெரியும். எழுத்து எனக்கு வளைவும் கோடும்தான். குடுத்த வளைவை அப்படியே வெட்டுவேன். என்ன வார்த்தைன்னு நின்னு படிச்சா கோடு கோணிரும்.

சட்டமா? சட்டத்தைப் பத்தி நான் குறையே சொல்லலை சார். தங்கமான சட்டம். அரசாங்கக் காசுல எதைக் கட்டினாலும் அதுல போடுற இரும்பு, எஃகு, கம்பி, கீலு, திருகாணி எல்லாம் நம்ம நாட்டுலயே செஞ்சதா இருக்கணும். கேட்டப்ப முதலாளிக்குக் கண்ணு கலங்கிருச்சு. நமக்கும் ஒரு காலம் வந்துருச்சு எழுத்தக்கான்னாரு. காலமும் வந்துச்சு, கூடவே ஒரு படிவமும் வந்துச்சு. பத்தொன்பது பக்கம். இந்த போல்ட்டோட இரும்பு எங்க உருகிச்சு, எங்க நீண்டுச்சு, எங்க தலை முளைச்சுச்சு. எனக்கு என் பிறந்த தேதியே சரியாத் தெரியாது, திருகாணிக்கு ஜாதகம் கேட்டாங்க.

எழுதிக் குடுத்தோம். எல்லாம் உண்மைதான். உலை மட்டும் வெளிநாட்டு உலை, அதை யாரும் கேக்கலை. ஆஸ்பத்திரி நடைபாலத்தைத் திறந்து வச்சப்ப ரிப்பன் வெட்டின கத்தரிக்கோலு எந்த நாடுன்னும் யாரும் கேக்கலை. போல்ட்டு மட்டும் மண்ணின் மைந்தனா இருக்கணும், அவ்வளவுதான். அந்தப் பாலம்தான் சார், ஆஸ்பத்திரிக்கு முன்னால ரோட்டைத் தாண்டுறது. எங்களுக்குக் கிடைச்ச முதல் அரசாங்க வேலை.

போல்ட்டுத் தலையில உள்நாடுன்னு எழுத்து விழணும்னு உத்தரவு. முதலாளி ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தாரு. நான் வெட்டினேன். உல்நாடு. பல்லுக்குப் போடுற ல். பள்ளிக்கூடத்துக்குப் போடுற ள் போட்டிருக்கணுமாம். அவரும் கவனிக்கலை, எனக்குச் சுத்தமாத் தெரியாது. உலைக்காரருக்கு எல்லா எழுத்தும் சூடா இருந்தா சரி. பதினெட்டுப் பேரு, பதினெட்டு ஜோடிக் கண்ணு, ஒருத்தருக்கும் தெரியலை. முதல் லாட்டு போயி ரெண்டு பக்கப் படிக்கட்டுலயும் மாட்டியாச்சு. இன்னைக்கு வரைக்கும் அதுல ஒண்ணு அசைஞ்சிருக்கா? நீங்களே சொல்லுங்க. அசையலை இல்ல?

ரெண்டாவது லாட்டு நடுப்பாலத்துக்கு. அப்பதான் உங்களுக்கு முன்னால இருந்த சோதனை அதிகாரி வந்தாரு. நாங்க அவருக்கு பூதக்கண்ணாடின்னு பேரு வச்சிருந்தோம். எந்நேரமும் கையில ஒண்ணு வச்சிருப்பாரு. அதோட பிடியிலயே வேற நாட்டுப் பேரு இருந்துச்சு, அதை விடுங்க. போல்ட்டை எப்படிச் சோதிக்கணும்? மிஷின்ல மாட்டி இழுத்துப் பாக்கணும். அவரு படிச்சுப் பாத்தாரு. ஒவ்வொண்ணா எடுத்துப் படிச்சாரு. படிச்சிட்டு ஒரு சிரிப்பு. தாய்மொழியைக் கொலை பண்ணிட்டு நாட்டுப்பற்று வேறயான்னாரு. எழுத்துப் பிழை உள்ள முத்திரை செல்லாது, செல்லாத முத்திரை இருந்தா அது உள்நாடு கிடையாது. மொத்த லாட்டும் திரும்பி வந்துருச்சு. மிஷின்ல ஒண்ணையாவது இழுத்துப் பாருங்க சார்னு முதலாளி கெஞ்சினாரு. அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லைன்னுட்டாரு.

படிக்கட்டுல மாட்டினதை ஏன் கழட்டலைன்னு கேக்குறீங்களா? நல்ல கேள்வி. அதைக் கழட்டினா திறப்பு விழா தள்ளிப் போகும். அதனால அது மட்டும் கொஞ்ச காலத்துக்கு உள்நாடாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டாங்க.

அப்புறம் நடுப்பாலத்துக்கு ஒரு வியாபாரி சரக்கு குடுத்தாரு. எழுத்துன்னா எழுத்து, முத்து முத்தா. பூதக்கண்ணாடி ஒரே நாள்ல பாஸ் போட்டாரு. அந்த வியாபாரிக்கு உலை இருக்கான்னு பாத்தீங்களா? பட்டறை? ஒரு சுத்தியலாவது? சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கி இருக்கு. அதுல ஒரு கிரைண்டரு இருக்கு. வெளிநாட்டுல வேண்டாம்னு கழிச்சுப் போட்ட போல்ட்டு பெட்டி பெட்டியா வரும். தலையில இருக்கிற அந்த ஊரு எழுத்தைத் தேய்ச்சு எடுத்துட்டு, சூடு காட்டி, புது எழுத்தை அடிச்சா முடிஞ்சுது. ரெண்டு நிமிஷத்துல குடியுரிமை. வெளிநாட்டு இரும்பு எல்லாமே மட்டம்னு நான் சொல்ல வரலை சார். நல்லது நல்ல விலைக்குப் போயிரும். இது அவங்களே தூக்கிப் போட்டது.

எப்படித் தெரியும்னா? தெரியும். இருங்க, வர்றேன்.

போன வாரம் நடுப்பாலத்துல கைப்பிடி கழண்டு தொங்குச்சே, போல்ட்டு தலை முறிஞ்சு. சாய்ஞ்சு நின்ன ஆளோட பை மட்டும் ரோட்டுல விழுந்துச்சு, ஆளு தப்பிச்சிட்டாரு. நீங்க விசாரணை பண்ணுனீங்க. பண்ணி என்ன கண்டுபிடிச்சீங்க? பாலத்துல ரெண்டு வகை போல்ட்டு இருக்கு. ஒண்ணுல எழுத்துப் பிழை, ஒண்ணுல பிழை இல்லை. எழுத்துப் பிழை இருக்கிறதுதான் போலி. ஆஹா. சரி, முறிஞ்சது பிழை இல்லாததாச்சே? அதுக்கும் உங்க பேப்பர்ல விளக்கம் இருக்கு, முதலாளிக்கு நான்தான் எழுத்துக் கூட்டிப் படிச்சுச் சொன்னேன். படிக்கட்டுல இருக்கிற போலி போல்ட்டு பாரத்தைத் தாங்காம, நடுவுல இருக்கிற அசல் போல்ட்டு மேல தள்ளிவிட்டுருச்சாம். எப்படி சார் இப்படியெல்லாம் யோசிக்கிறீங்க? எங்க போல்ட்டு சும்மா நின்ன இடத்துல நின்னுக்கிட்டு அடுத்த போல்ட்டைக் கொன்னுருச்சு.

அதனால நாளைக்குக் காலையில எங்களதை எல்லாம் கழட்டி எறிஞ்சிட்டு, படிக்கட்டுக்கும் அந்த வியாபாரிகிட்டயே புதுசு வாங்கி மாட்டப் போறீங்க. ஆளு, ஏணி எல்லாம் சொல்லியாச்சா? ஏழு மணிக்கா? நல்ல சுறுசுறுப்பு.

சிரிக்கலை சார். சிரிக்கிற மாதிரியா இருக்கு என் மூஞ்சி? தண்ணி குடிக்கிறீங்களா? பேச்சை வளர்க்குறேன்னு நினைக்காதீங்க. வளர்க்கத்தான் செய்யிறேன்.

என் பொண்ணு அந்த ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற பகுதியில வேலை பாக்குறா. தினமும் அந்தப் பாலத்து வழியாத்தான் போவா, வருவா. இது ஏழாம் மாசம். படி ஏறினா மூச்சு வாங்கும், அதனால நடுப்பாலத்துல நின்னு கைப்பிடியில சாய்ஞ்சு கொஞ்ச நேரம் காத்து வாங்குவாளாம். அதை அவ சந்தோஷமாச் சொல்றா. சிக்னல் பக்கமாச் சுத்திப் போடீன்னு ஒன்றரை வருஷமாச் சொல்றேன். கேக்க மாட்டேங்கிறா. அம்மாவுக்கு உயரம்னா பயம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிச் சிரிக்கிறா. எனக்கு உயரமெல்லாம் பயம் இல்லை சார்.

போன வாரம் பை விழுந்துச்சுன்னு கேட்டதும் நான் வெறுங்காலோட ஓடினேன். அவ அன்னைக்கு லீவு. அதுகூட மறந்துபோச்சு எனக்கு.

ஒரு தடவை மொட்டைக் கடுதாசி போட்டேன், உங்க ஆபீசுக்குத்தான். எழுத்தைப் பாத்தா கண்டுபிடிச்சிருவாங்களோன்னு இடது கையால எழுதினேன். வரலையா? வந்திருக்கும். அனுப்புனர் முகவரி இல்லாத புகாருக்கும் படிவத்துல கட்டம் இருந்திருக்காது.

சரி, அந்தக் கவரைத் திறங்க. முறிஞ்ச போல்ட்டு வச்சிருக்கீங்கல்ல, அதை வெளிய எடுங்க. தலையில என்ன எழுதியிருக்கு? படிங்க. சும்மா வாய்விட்டுப் படிங்க. உள்நாடா? நல்லாப் பாத்துப் படிங்க சார். நீங்க மனசுல இருக்கிறதைப் படிக்கிறீங்க, இரும்புல இருக்கிறதைப் படிங்க. ள மேல புள்ளி எங்க?

உளநாடு.

அழுக்கு அடைச்சிருக்கும்னு தோணுதா? தேய்ச்சுப் பாருங்க, இந்தாங்க துணி. அழுக்குக்கு அடியில பள்ளமே இல்லை. இப்ப எங்களதைப் பாருங்க. ல் தப்புதான், ஆனா மேல புள்ளி எப்படி உக்காந்திருக்கு பாத்தீங்களா, வட்டமா, ஆழமா. என் கை அப்படி. நாளைக்கு ஏணி வருதில்ல, அதுல ஏறி நடுப்பாலத்துல ஒவ்வொண்ணாப் பாருங்க. ஒண்ணுலகூட புள்ளி இருக்காது. பூதக்கண்ணாடி எங்க ல்லைப் பிடிச்ச சந்தோஷத்துல அவங்க ள்ளைக் கவனிக்கவே இல்லை. எழுத்து சரியா இருக்கான்னுதான் பாத்தாரு, புள்ளியை அவரு மனசே வச்சுக்கிச்சு.

எனக்கு எப்படித் தெரியும்னு அப்பவே கேட்டீங்கல்ல. இந்த ஈயத் தகட்டைப் பாருங்க. புது அச்சு வெட்டினா முதல்ல ஈயத்துல ஒரு தடவை அடிச்சுப் பாப்போம். நான் வெட்டின எல்லா அச்சும் இதுல இருக்கு. இது எங்க உல்நாடு. அதுக்குக் கீழ இருக்கிறதைப் பாருங்க. உங்க கையில இருக்கிறதை இது மேல வச்சுப் பாருங்க. வளைவுக்கு வளைவு பொருந்துதா?

நான் வெட்டினதுதான் சார் அதுவும்.

எங்க லாட்டு திரும்பி வந்த மூணாம் நாளு அந்த வியாபாரி என் வீட்டு வாசல்ல வந்து நின்னான். பிழையில்லாம எழுதின சீட்டு ஒண்ணு கையில. தோட்டத்துக் கேட்டுக்கு, வீட்டு வேலிக்குன்னான். வீட்டு வேலிக்கு எவன் உள்நாடுன்னு முத்திரை கேப்பான்? தெரியும் எனக்கு. தெரியாத மாதிரி நடிச்சேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு. எங்க நல்ல இரும்பைப் பாத்துச் சிரிச்சாங்கல்ல, எழுத்துதானே வேணும், இந்தா வச்சுக்கோன்னு ஒரே ராத்திரியில வெட்டிட்டேன். கடைசியா புள்ளி வைக்கிறப்ப கை நின்னுருச்சு. என்னைக்காவது ஒருத்தர் வருவாரு, ஒழுங்காப் படிப்பாரு, எது எதுன்னு பிரிச்சுத் தெரியணும்னு, வைக்காம விட்டேன். அது பாலத்துக்குப் போகும்னு சத்தியமா நினைக்கலை. ஒருநாள் பொண்ணுக்குச் சோறு எடுத்துட்டுப் போறப்ப, நடுப்பாலத்துல கைப்பிடி ஓரமா என் எழுத்து என்னையே பாத்துட்டு நின்னுச்சு. அன்னையிலிருந்து யாராவது வருவாங்கன்னு பாத்துட்டிருக்கேன். பயத்துல நானாவும் போயிச் சொல்லலை. நீங்க வந்திருக்கீங்க, அதுவும் தப்பான ஆளைத் தேடிக்கிட்டு.

ஏன் எழுதுறதை நிறுத்திட்டீங்க? எழுதுங்க சார். முதலாளிக்குத் தெரியாது, அவரு கண்ணாடியைத் தேடுறதை நிறுத்தச் சொல்லுங்க. ஏழு மணிக்கு ஏணி வர்றப்போ படிக்கட்டை விட்டுருங்க, நடுப்பாலத்தை மூடுங்க. உங்க படிவத்துல அச்சு வெட்டியவர்னு ஒரு கட்டம் இருக்கு, பதினாலாம் பக்கம், யாரும் அதை நிரப்பினதே இல்லை. அதுல எழுத்தக்கான்னே எழுதிக்கங்க.

ரெண்டு புள்ளி வரும் சார். மறக்காம வையுங்க.