மாரப்பனோட இடது தொடை

கொஞ்சம் நிமிந்து உக்காருங்க... ஒரு மனுசனோட கதை சொல்லிடறேன். குட்டியூண்டு கதைதான். சரியாச் சொன்னா, அவரோட இடது தொடையோட கதை. சிரிக்கிறீங்களா? சிரிங்க, சிரிங்க.

பேரு மாரப்பன். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில லாரிக்கு பாடி கட்டுறவரு. சாயங்காலம் ஆனா ஜிம்முக்குப் போயி தனக்கு பாடி கட்டுவாரு. பத்து வருசமாக் கட்டுறாரு... ஆனா மாவட்ட ஆணழகன் போட்டியில ஒரு தடவைகூட அவரு பேரைக் கூப்பிட்டதில்ல.

திடீர்னு ஒரு மாசம்... இடது தொடை வளருது! வலது தொடை இருபத்திரெண்டு அங்குலம். இடது இருபத்தி நாலு. அடுத்த மாசம் இருபத்தஞ்சரை! வலி இருக்கா? துளிகூட இல்ல.

ஜிம் மாஸ்டர் பொன்னரசு டேப்பை வெச்சு அளந்தாரு. அளந்துட்டு மாரப்பனைக் கட்டிப்புடிச்சுக்கிட்டாரு. "மாரப்பா! இது தொடையில்லடா, தூணு! என்னத்தடா சாப்பிடுற?"

"அதே கிரியேட்டின் பவுடர்தானுங்க மாஸ்டர். எல்லாரும் குடிக்கிறதுதான்."

"அப்பறம் எப்படி உனக்கு மட்டும் இடது பக்கம் எறங்குது?"

மாரப்பன் யோசிச்சாரு. "குடிக்கறப்ப நான் கொஞ்சம் இடது பக்கமா சாஞ்சு உக்காருவனுங்க..."

அவ்வளவுதான்! மறுநாள் போய்ப் பாத்தா, அந்த ஜிம்முல இருபத்தி மூணு ஆம்பளைங்க... கையில ஆளுக்கொரு டம்ளர்... வரிசையா இடது பக்கம் சாஞ்சுக்கிட்டு குடிக்கிறாங்க! ஒருத்தரு சாஞ்சு சாஞ்சு பெஞ்சுல இருந்து விழுந்தே போயிட்டாரு. எந்திரிச்சதும் என்ன கேட்டாரு தெரியுமா? "மாஸ்டர், அளந்து பாருங்க!"

தொடைக்கு ஒரு பாராட்டு விழா. தொடைக்கு! மாரப்பனுக்கு மாலை போட்டாங்க. கூட்டம் கை தட்டுச்சு.

வீட்ல ஒருத்தங்க மட்டும் தட்டல. அவரு சம்சாரம் தமயந்தி. அந்தம்மா சொன்னாங்க, "மாமா... முன்னயெல்லாம் இடது காலை ஊனி லாரி மேல ஒரே எட்டுல ஏறுவீங்க. இப்ப வலது கால்லதான் ஏறுறீங்க. இடது காலு சும்மா பின்னால வருது. இத்தாப் பெரிய காலுக்கு என்ன மாமா கேடு?"

மாரப்பனுக்கு சுருக்குன்னுச்சு. ஏன்னா ஜிம்முலயும் அதே கதைதான். இடது கால் தூக்குற எடை மாசா மாசம் கொறஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதை அவரு யார்கிட்டயும் சொல்லல.

தமயந்தி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனாங்க. ஸ்கேன் எடுத்தாங்க, ஒரு சதைத் துணுக்கு எடுத்து சோதனை பண்ணாங்க. டாக்டரம்மா அமைதியாச் சொன்னாங்க. "மாரப்பன்... இது தசையில வர்ற புத்துநோய்."

"பவுடர்னாலயா டாக்டர்?"

"அதுனாலதான்னு சொல்ல முடியாது. கிரியேட்டின் நம்ம உடம்பே செய்யுற சரக்கு. நீங்க வெடுக்குனு ஒரு எடையைத் தூக்கறப்ப, முதல் சில நொடிக்கு தசைக்கு சக்தி குடுத்துக் கை தாங்கறது அதுதான். நல்ல தசை வாங்குற சக்தியை வேலையாத் திருப்பிக் குடுத்துடும். புத்துநோய் செல்லும் சக்தி வாங்கும்... ஆனா ஒரு கிலோ தூக்காது. அந்த சக்தியில தன்னையே ரெண்டாக்கிக்கும். ரெண்டு நாலாகும். அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச வேலை."

மாரப்பன் தொடையைத் தடவிப் பாத்தாரு. அப்பறம் கேட்டாரு பாருங்க... "அதுக்கு நல்லா எக்சர்சைஸ் குடுத்தா... திருந்துமுங்களா?"

"திருந்தாதுங்க. எடுக்கணும். சீக்கிரமா எடுக்கணும்."

வெளிய வந்தா மாஸ்டர் நிக்கிறாரு. விசயத்தைக் கேட்டதும் சொன்னாரு, "மாரப்பா, இருவதாம் தேதி மாவட்டப் போட்டி! ஆபரேசனை ஒரு மாசம் தள்ளி வெக்கக் கூடாதா?"

தமயந்தி வாயைத் திறக்கறதுக்குள்ள மாரப்பனுக்கு அழுகை வந்துருச்சு. "பத்து வருசத்துல முதல் தடவையா என்னையப் பாத்துக் கை தட்டுனாங்க தமயந்தி... அது என்னையப் பாத்து இல்லியா?"

அந்தம்மா அவரு கையைப் புடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாங்க. "எனக்கு நீங்க வேணும் மாமா. அந்தத் தொடை வேண்டாம்."

இருவதாம் தேதி மாரப்பன் ஆபரேசன் தியேட்டர்ல இருந்தாரு. கட்டியோட நல்ல தசையும் கொஞ்சம் போச்சு. மருந்து, கதிர்வீச்சு, முடி கொட்டி, வாந்தி எடுத்து... ஒரு வருசம் படாத பாடு. இன்னைக்கு நாலு வருசம் ஆச்சு. லேசா விந்தி நடக்குறாரு. அதே பட்டறையில லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறாரு. ஏணியில அவரே ஏறுறாரு!

நான் எதுக்கு இதைச் சொன்னேன்?

முதல்ல, உடம்பு. உடம்புல எங்கயாவது ஒரு கட்டி வளந்தா, வலிக்கலைன்னு விட்டுடாதீங்க. டாக்டர்கிட்டக் காட்டுங்க.

ரெண்டாவது... நம்ம நகர் நலச் சங்கம். ஆரம்பிச்சப்ப பொறுப்பாளருங்க அஞ்சு பேரு. இன்னைக்கு? தலைவரு, துணைத் தலைவரு, இணைத் துணைத் தலைவரு, கௌரவ இணைத் துணைத் தலைவரு... நாப்பத்தோரு பேரு! அஞ்சு பேரா இருந்தப்ப குடிதண்ணிக் குழாய் கொண்டு வந்தோம். நாப்பத்தோரு பேரா ஆனதுக்கப்பறம் என்ன கொண்டு வந்தோம்? சொல்லுங்க... கூச்சப்படாதீங்க... என்ன கொண்டு வந்தோம்?

பெருத்துப் போறது வேற... பலம் வேற. வளந்துட்டோம்னு யாராச்சும் சொன்னா, எவ்வளவு தூக்குறோம்னு கேளுங்க. மூணாவது தெரு சாக்கடை எட்டு மாசமா அடைச்சுக் கிடக்கு. நான் இப்ப மைக்கை வெச்சுட்டு நேரா அங்கதான் போறேன்.

நாப்பத்தோரு பேர்ல... யாரு கூட வர்றீங்க?