ஏரியில் ஒன்றேகால் நிமிஷம்

வீராசாமி: ஏம்மா... ஏம்மா! கொஞ்சம் எடு தாயி. அடியில கெடக்கிறது என் பாதம்.

கமலம்மா: ஐயோ, பாக்கல பெரியவரே...

செல்லியம்மா: மனசுல வச்சிக்காதீங்க. எங்க தம்பி பொண்டாட்டி. இவ காலு வச்ச எடத்துல வேற யாரும் வைக்க முடியாது. ஒரு காலே ரெண்டு மனை புடிக்கும்.

கமலம்மா: வண்டி ஏறினதும் ஆரம்பிச்சிட்டீங்களா அண்ணி?

வீராசாமி: இருக்கட்டும்மா, ஒரு விரலு தான் போச்சி. மிச்சம் ஒம்போது கீது. எங்க, திருப்பதிக்கா?

செல்லியம்மா: ரேணிகுண்டா. பம்பாய் மெயிலு கெளம்பறதுக்குள்ள போய்ச் சேரணும்.

வீராசாமி: பம்பாய்க்கா! கையில ஒரு துணிமூட்டைகூட காணோமே?

செல்லியம்மா: நாங்க எங்க போறது? அதுல ஒருத்தரு போறாரு. அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்.

கமலம்மா: சொல்ல வேணாம்னு நகரி ஸ்டேஷன்லருந்து கத்திக்கினு வரேன்.

செல்லியம்மா: அப்புறம் எதுக்குடி கூட வந்த?

கமலம்மா: ...புளிசோறு குடுக்க.

வீராசாமி: யாரும்மா அது, இத்தினி உபசாரம்? மந்திரியா?

செல்லியம்மா: ஜப்பான்காரரு.

வீராசாமி: இன்னாது! ஜப்பான்காரனுக்கு நகரில இன்னா வேல? கைத்தறி நெய்ய வந்தானா?

செல்லியம்மா: நெல்லு நட. ஜப்பான் முறை சாகுபடின்னு சர்க்காரு தண்டோரா போட்டாங்களே, கேக்கலியா? அத்த காட்டிக்குடுக்க வந்தாரு. எங்க ஊரு நாராயணசாமி பண்ணையில நாலு மாசம் இருந்தாரு.

வீராசாமி: நான் மாங்கா ஆளும்மா. பங்காருபாளையம், வீராசாமின்னா தெரியும். தோப்பு குத்தகை பேச திருத்தணி போய்ட்டு வரேன். நெல்லு எனக்குத் துன்ன மட்டும் தான் தெரியும்... அவரு பேரு இன்னா?

கமலம்மா: பேரு மட்டும் கேக்காதீங்க.

வீராசாமி: ஏன், வெச்சி அனுப்பலியா?

செல்லியம்மா: சொல்லுடி.

கமலம்மா: நீங்களே சொல்லுங்க.

செல்லியம்மா: குசுமோட்டோ.

வீராசாமி: ...

செல்லியம்மா: சிரிச்சிடுங்க பெரியவரே. அடக்கனா வயித்து நோவு வரும். மொத நாளு பண்ணக்காரரு இந்தப் பேரச் சொல்லி எங்களுக்குக் காட்டினாரு, நாத்துக்கட்டோட பதினெட்டு பேரும் சேத்துல குந்திட்டோம். அதுலருந்து ஜப்பான் ஐயா தான்.

வீராசாமி: சரே சரே... நல்ல மனுசனா?

செல்லியம்மா: மொதல்ல எங்களுக்கு ஆகல. கயித்த இழுத்துக் கட்டி, அந்தக் கயித்து மேலயே, சாண் விட்டு சாண் நடணுமாம். நான் பொறந்ததுலருந்து நட்டுக்கினு கீறேன். எனக்கு நேரா நடக் கயிறு வேணுமா? மூணு நாள்ல இடுப்பு தனியா கழண்டு போச்சி.

கமலம்மா: அண்ணி அவர ஏசுவாங்க. அப்போ அவருக்குத் தமிழு தெரியாது, அரைகொறையா பேசினது அப்புறம் தான். தலைய ஆட்டிச் சிரிப்பாரு.

செல்லியம்மா: நான் ஏசினதுக்கெல்லாம் குனிஞ்சி கும்பிடு வேற போடுவாரு. ஏசறதுல இருந்த ருசியே போயிடுச்சி.

வீராசாமி: இந்த கயித்துப் பைத்தியம் அந்த ஊரு வழக்கமா?

செல்லியம்மா: அது நீச்சல்லருந்து வந்ததாம். அவரு நீச்சல்காரரு, பெரிய ஆளு. தண்ணில கயிறு கட்டி, ஒவ்வொருத்தனும் அவன் அவன் கயித்துக்குள்ளயே நீந்தணுமாம். அடுத்தவன் பக்கம் கையி நீண்டா ஆட்டம் காலி. பள்ளிக்கூடத்து ஜெயச்சந்திரன் வாத்தியாரு இங்கிலீசுல கேட்டு எங்களுக்குச் சொன்னாரு.

வீராசாமி: ராஜ்யம் பிரிக்கறவனுங்களுக்கு இத்தச் சொல்லணும். கயிறு கட்டி நீந்த விட்டா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும். உங்க ஊரு ஆந்திராவா, மெட்ராஸா?

செல்லியம்மா: காலையில ஆந்திரா, சாயந்திரம் மெட்ராஸு. எந்த ஆபீசருக்கு எந்த ஊட்ல சாப்பாடுன்றத பாத்து மாறும்.

வீராசாமி: ஹா! அப்புறம்? பெரிய ஆளுன்னியே, மெடலு கிடலு வாங்கினாரா?

செல்லியம்மா: அதான் கெரகம். பத்தொம்போது வயசுல அவுங்க ஜில்லாவுலயே மொதல். ஒலகப் போட்டி அவுங்க நாட்டுலயே நடக்கப் போவுது, உன்னையும் சேத்துக்கறோம்னாங்க. சண்ட வந்திச்சி. போட்டி இல்லன்னுட்டாங்க. கப்பல்ல தூக்கிப் போட்டாங்க. கப்பலு மூழ்கிப் போச்சி.

வீராசாமி: அய்யோ ராமா.

செல்லியம்மா: தோள்ல இரும்புத் துண்டு ஏறிக் கெடக்குது. அதோட ஒரு பகலு ஒரு ராத்திரி கடல்ல மெதந்தாராம், இன்னொரு ஆள முதுகுல தாங்கிக்கினு. வாத்தியாரு அத்தச் சொல்றப்போ நாங்க அழுதோம். அவரு சிரிக்கிறாரு. “அன்னிக்கி நீந்துனதுதான் ரொம்பப் பெரிசு, ஒரு பையனும் கடியாரம் புடிக்கல”ன்றாரு.

கமலம்மா: அந்த இன்னொரு ஆளு பொழச்சானான்னு நான் கேட்டேன்.

வீராசாமி: பொழச்சானா?

கமலம்மா: அதுக்கு மட்டும் பதில் சொல்லல.



செல்லியம்மா: சண்ட முடிஞ்சி அடுத்த ஒலகப் போட்டி. ஜப்பான்காரன கூப்புடவே இல்லியாம். கூப்பிட்டாலும் தோளு எந்திரிக்காது. சரி, புள்ளிங்களுக்குச் சொல்லிக்குடுக்கலாம்னு அவரு பழைய நீச்சல் சங்கத்துக்குப் போனா, நூறு மீட்டர ஒண்ணேகா நிமிஷத்துல நீந்தாதவன் எங்க புள்ளிங்கள தொடக்கூடாதுன்னுட்டாங்க. வருஷா வருஷம் எறங்கிப் பாத்தாரு. ஒரு நிமிஷம் இருவது, ஒரு நிமிஷம் பதினெட்டு... அதுக்குக் கீழ எறங்கல. வெறுத்துப் போய் விவசாய ஆபீசுல சேந்துட்டாரு.

வீராசாமி: பாவம்மா. மாமரத்துக்கு ஒரு வருஷம் பூ உதுந்தா மறு வருஷம் பூக்கும். இந்தாளுக்கு எல்லா வருஷமும் உதுந்து போச்சே.

செல்லியம்மா: எங்க ஏரி ரொம்பி நின்னிச்சா, தெனம் விடியக்காலம் எறங்கிடுவாரு. மார்கழி குளுர்ல, வெறும் ஜட்டியோட. ஏரிக்கரையில ஒதுங்கப் போற பொம்பளைங்க பாடு தான் திண்டாட்டம்.

கமலம்மா: அண்ணி!

செல்லியம்மா: இவ மட்டும் கண்ண மூடிக்கினா மாதிரி. பெரியவரே, இவ காலப் பாத்துட்டு அந்தாளு ஒரு நாளு சேத்துலயே குந்திட்டாரு. “இந்தக் காலு எனக்கு இருந்திருந்தா ஒரு சண்டையும் என்ன நிறுத்தியிருக்க முடியாது”ன்னாரு. துடுப்பாம் அது.

கமலம்மா: அவரு மட்டும் தான் என் கால நல்லதா சொன்னது.

வீராசாமி: புத்தூரு வந்துடிச்சி. விஷயத்துக்கு வா தாயி. சொல்ல வேண்டிய வார்த்த இன்னா?

செல்லியம்மா: போறதுக்கு முன்ன ஊரு பாக்க ஒரு தபா நீந்தறேன், ஒரு பத்தரம் எழுதி ஊரு கையெழுத்து போட்டுக் குடுங்கன்னாரு. ஜெயிச்சா அத்த எடுத்துக்கினு போறேன், தோத்தா சர்க்காருகிட்ட கேட்டு இன்னொரு போகம் இருந்து பாக்கறேன்னாரு. அளக்கறதுக்கு, ராஜ்யம் அளக்க வந்தவங்க சங்கிலியக் கேட்டோம். சர்க்காரு சங்கிலி நனையக்கூடாதாம்.

வீராசாமி: துரு புடிச்சா ஆந்திரா கொறஞ்சிடும்ல.

செல்லியம்மா: ஜப்பான் ஐயா நேரா எங்கிட்ட வந்தாரு. “இந்தக் கயித்த உங்கள விட நேரா யாரும் புடிக்கல. நீங்க ரெண்டு பேரே அளங்க”ன்னாரு. நடவுக் கயிறு இருவது மீட்டரு, அவரே அளந்து முடிச்சு போட்டது. கரை மேல அஞ்சி தபா போட்டோம். மதகாண்ட ஒரு கம்பம், அங்கருந்து கெளம்பணும். அதுக்கு இவ காவலு. அந்தக் கோடில ஒரு கம்பம். அதுக்கு நான்.

வீராசாமி: நீந்தினாரா?

செல்லியம்மா: எங்க நீந்த உட்டாங்க? பத்தரத்துல மேல தெலுங்கா தமிழான்னு ஊரு கணக்கு எழுதற கரணத்துக்கும் வாத்தியாருக்கும் சண்ட. மனுசன் ஜட்டியோட நடுங்கிக்கினு நிக்கறாரு. கடேசில எடது பக்கம் தெலுங்கு, வலது பக்கம் தமிழு, அடியில இங்கிலீசு. அந்த நேரத்துல தான்... நான் அந்தப் பாவத்த செஞ்சேன்.

வீராசாமி: இன்னா செஞ்ச?

செல்லியம்மா: கம்பத்தப் புடுங்கி உள்ள தள்ளி நட்டேன். பத்து அடி.

வீராசாமி: அளந்தா?

செல்லியம்மா: காலுக்கு முன்ன காலு வச்சி, பத்து காலடி. வரப்பு அளக்கற மாதிரி. ஒரு செகண்டுக்கு நாலு, நாலரை அடி போவாருன்னு வாத்தியாரு சொல்லியிருந்தாரு. ஒண்ணேகா நிமிஷம் தொடணுமேன்னு...

வீராசாமி: தொட்டாரா?

செல்லியம்மா: ஒரு நிமிஷம் பதினாலு செகண்டு. ஒரே ஒரு செகண்டு உள்ள. ஊரே குதிச்சிச்சி. அவரு கம்பத்தக் கட்டிப்புடிச்சிக்கினு அழறாரு. நான் தள்ளி நட்ட கம்பம், பெரியவரே! அத்தப் புடிச்சிக்கினு அழறாரு.

வீராசாமி: நல்லது தானம்மா செஞ்ச. பத்து அடில இன்னா குடி முழுகிடும்? சும்மா ஊட்டுக்குப் போ.

கமலம்மா: அத்த தான் நானும் சொல்றேன்.

செல்லியம்மா: செவுத்துல மாட்டி வச்சிப்பாருன்னு தான் நானும் நெனச்சேன். நேத்து கும்பிட வந்தவரு சொல்றாரு... ஊருக்குப் போன மறுநாளே சங்கத்துல பத்தரத்தப் போட்டுட்டு, அவுங்க எல்லாரு முன்னாடியும் எறங்கி நீந்திக் காட்டப் போறாராம்! எறங்கினா ஒரு நிமிஷம் பதினாறு வரும். அப்போ அந்தாளு மொகம் எப்படி இருக்கும்? பொய்ப் பத்தரம் கொண்டாந்தவன்னு சொல்ல மாட்டாங்க?

வீராசாமி: ...அப்படின்னா சொல்லித்தான் ஆவணும்.

கமலம்மா: நீங்க வேற! இப்ப தான வேணாம்னீங்க?

வீராசாமி: நான் மாங்கா யாவாரி தாயி. பூவ பாத்து ஒரு வெல, காய பாத்து ஒரு வெல. நீ எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டற?

கமலம்மா: கூட்டமா கீது...

செல்லியம்மா: நேத்துலருந்து இவ சரியில்ல. அவரு போறாருன்னு ஏக்கம். 

வீராசாமி: ஏம்மா, அந்தாளு மேல அத்தினி பாசமா?

கமலம்மா: பாசம் இல்ல. சொம்பு.

வீராசாமி: சொம்பா?

கமலம்மா: பண்ணையில எங்களுக்குத் தண்ணி கையில தான் ஊத்துவாங்க. குனிஞ்சி, ரெண்டு கையும் ஏந்திக்கினு. மொத நாளு அவருக்கு வெள்ளி டம்ளரு வந்திச்சி. எங்கள பாத்தாரு. டம்ளர வரப்பு மேல வச்சிட்டு எங்க பக்கத்துல வந்து குனிஞ்சி கைய ஏந்தினாரு. இது தான் ஊரு வழக்கம்னு நெனச்சாரோ, தெரிஞ்சே செஞ்சாரோ. பண்ணக்காரரு மூஞ்சி வெளிறிப் போச்சி. மறுநாள்லருந்து எல்லாருக்கும் சொம்பு.

செல்லியம்மா: நேத்து அவரு மாட்டு வண்டி ஏறினாரு. அந்த வண்டி திரும்பறதுக்குள்ள சொம்பு உள்ள போயிடுச்சி.

வீராசாமி: அந்தச் சொம்புக்கு ஒரு ராஜ்யம் பிரிச்சிக் குடுத்தா தேவல.

கமலம்மா: தோத்திருந்தா இன்னொரு போகம் இருந்திருப்பாரு. அவ்ளோதான் நான் நெனச்சது.

செல்லியம்மா: நெனச்சி இன்னா பண்றது? வண்டி நிக்கப் போவுது, எழுந்திரு. அதோ... அதோ கீறாரு பாரு! எதுத்த பிளாட்பாரத்துல, தொப்பி போட்டுக்கினு. கமலா, கைய உடுடி!

கமலம்மா: அண்ணி, கொஞ்சம் நில்லுங்க. எத்தினி அடி உள்ள தள்ளினீங்க?

செல்லியம்மா: பத்து அடி, பத்து அடின்னு வழியெல்லாம் ஒப்பாரி வச்சிக்கினு வரேன், காதுல உழலியா?

கமலம்மா: அந்தக் கோடிக் கம்பம் தான?

செல்லியம்மா: பின்ன எங்க ஊட்டு நடுக்கம்பமா? உடு கைய!

கமலம்மா: மதகாண்ட இருந்த கம்பத்த... நான் பின்னால தள்ளி நட்டேன்.

செல்லியம்மா: ...இன்னா சொன்ன?

கமலம்மா: தோக்கட்டும்னு. இன்னும் ஒரு போகம் இருக்கட்டும்னு. கரணம் கத்திக்கினு இருந்தப்போ.

செல்லியம்மா: அடிப்பாவி! அந்த மனுசன...! எத்தினி அடிடி?

வீராசாமி: சொல்லித் தொலை தாயி, மெயிலு ஊதிட்டான்!

கமலம்மா: நானும் பத்து அடி தான் அண்ணி. ஆனா... என் காலால.