குதிச்சது நான்தான்

ஆமாக்கா, நான்தான் குதிச்சேன். வேற யாரும் இல்ல, நான் ஒருத்திதான். முதல்ல உள்ள வாங்க. வாசல்ல நின்னு சண்ட போட்டா மாடிப்படி முழுக்கக் கேக்கும். இல்ல இல்ல, நீங்க சண்டைக்கு வரலன்னு தெரியுது, சும்மா சொன்னேன். கீழ உங்க வீட்டுல தூசி விழுந்துச்சா? சாப்பாட்டுத் தட்டுலயா? ஐயையோ. ஓ, தலையிலதானா, அப்பன்னா பரவால்ல. பரவால்லன்னு நான் சொல்லக் கூடாது, நீங்கதான் சொல்லணும்.

உக்காருங்க. நாற்காலி ஒண்ணுதான் இருக்கு, நான் இந்த வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்துக்கறேன்.

நாப்பத்தேழு ஆகுதுக்கா. கடைசியா எப்பக் குதிச்சேன்னு ஞாபகமே இல்ல, பள்ளிக்கூடத்துலயா இருக்கும். வேல கெடச்சிருச்சு! இன்னிக்குக் காலைல. பஸ்ல வர்றப்பவே குதிக்கணும் போல இருந்துச்சு, ஆனா கால் வைக்க எடம் இல்ல. அடக்கிக்கிட்டே வந்தேன். கதவத் தொறந்தேன், பையத் தூக்கிப் போட்டேன், குதிச்சுட்டேன். எத்தன தடவன்னு எண்ணலக்கா. நீங்க எண்ணுனீங்களா? பதினொண்ணா! நல்ல ஆளுக்கா நீங்க.

இந்தத் தெருவுக்கு வந்து நாப்பது நாளாச்சு. உங்களப் படியில பாத்து ரெண்டு மூணு தடவ சிரிச்சேன், நீங்க விறுவிறுன்னு கீழ எறங்கிட்டீங்க. குறை சொல்லலக்கா. புதுசா ஒருத்தி தனியா வந்தா யாரா இருந்தாலும் யோசிக்கத்தான் செய்வாங்க. மொத வாரம் எனக்கு எதுவுமே பிடிபடல. எல்லாக் கட்டடமும் ஒரே மஞ்சள். ஒரு நாள் பக்கத்துக் கட்டடத்துல இதே மாதிரி மூணாவது மாடி ஏறிப்போய், சாவியப் போட்டுத் திருகு திருகுன்னு திருகறேன், தொறக்கவே இல்ல. உள்ளருந்து ஒரு ஆம்பளக் குரல், யாருங்குது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், என் வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு என்னையே யாருன்னு கேக்கறியா, நீ யாருடான்னு கத்திட்டேன். அவரு கதவத் தொறக்கறாரு, வாய் நெறைய பல் தேய்க்கிற நுரை. பாவம், ராத்திரி வாட்ச்மேன் வேலைக்காரரு, பகல்லதான் எந்திரிப்பாரு போல. இப்ப எங்க பாத்தாலும், வீடு கண்டுபிடிச்சுட்டீங்களாம்மாங்கறாரு. இந்த ஊர்ல எனக்குக் கெடச்ச மொத சிநேகிதம் அவருதான்.

ரெண்டாவது ஜெராக்ஸ் கடைக்காரரு. பயோடேட்டா அடிச்சுத் தந்தாரு. வயச நாப்பதுன்னு போட்டுரட்டுமா, அப்பதான் கூப்பிடுவாங்கன்னாரு. அதெல்லாம் வேணாம், ஒரு வருஷத்தக்கூட விட்டுத்தர மாட்டேன், நாப்பத்தேழயும் போடுங்கன்னேன். ஒரு மாதிரியாப் பாத்தாரு.

துணி வெட்டறதுக்கா. கட்டிங். தைக்க ஆயிரம் பேர் வருவாங்க, வெட்ட ஆள் கம்மி. அறுபது துணிய ஒண்ணு மேல ஒண்ணா விரிச்சு, கோடு போட்டு, மிஷினப் பிடிச்சு ஒரே ஓட்டா ஓட்டணும். கை ஒரு நூலளவு நழுவுச்சுன்னா அறுபது சட்டைக்கும் தோள் கோணலாப் போயிரும். இருபத்திரெண்டு வருஷம் ஒரே கம்பெனில வெட்டுனேன். ஒரு தோள் கோணல் கெடையாது. சரி, ஒரு தடவ. ஆனா அது துணியோட தப்பு.

வெட்டத் தெரியுமான்னு யாரும் கேக்கலக்கா, அதுதான் கூத்து. பழைய வேலைய ஏன் விட்டீங்கன்னுதான் எல்லா எடத்துலயும் கேக்கறாங்க. மொத எடத்துல, வீட்டுக்காரருக்கு மாத்தலாயிருச்சுன்னேன். வீட்டுக்காரரு என்ன பண்றாருன்னாங்க. எனக்கு ஏதுக்கா வீட்டுக்காரரு? கல்யாணமே ஆகல. அந்த நேரத்துல ஒரு உத்தியோகம் கூட வாயில வரல, இருக்காரு, நல்லா இருக்காருன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். இன்னொரு எடத்துல, கண்ணுல ஆபரேஷன்னேன். அப்ப எப்படிம்மா கோடு பாத்து வெட்டுவீங்கன்னு கேட்டாரு. நியாயம்தானே? மூணாவது எடத்துல ரொம்பக் கெட்டிக்காரத்தனமா, கம்பெனிய மூடிட்டாங்கன்னேன். அந்தாளு என் எதிர்லயே அங்க போன் போட்டுட்டாரு. எடுத்துட்டாங்க! மூடுன கம்பெனிலருந்து பேசறாங்க! என் பேரச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரே அழுகை. இருக்காங்களா, இருக்காங்களான்னு கேக்கறது இங்க வரைக்கும் கேக்குது. அவரு என்னையப் பாத்துக்கிட்டே, இருக்காங்க, எதிர்லதான் உக்காந்திருக்காங்கங்கறாரு. பையத் தூக்கிக்கிட்டு ஓடி வந்துட்டேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க, நல்லா இருக்கு.

என்ன, வீட்டச் சுத்திச் சுத்திப் பாக்கறீங்க? சாமான் ஒண்ணும் இல்லன்னா? ஆமாக்கா, எல்லாத்தையும் குடுத்துட்டேன். பீரோ, கட்டில், தையல் மிஷின், புடவ, பாத்திரம், எல்லாம். கட்டிங் கத்தரி ஒண்ணு வச்சிருந்தேன், என் கைக்கு வளைஞ்சு போன கத்தரி. அதக்கூட கூட வேல செஞ்ச பொண்ணுக்குக் குடுத்துட்டேன். திருப்பிக் கேக்க முடியுமா? மூஞ்சிய எங்க வச்சுக்கறது?

இன்னிக்குப் போனது பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிற எடம். அந்த மொதலாளியும் அதையேதான் கேட்டாரு. இருபத்திரெண்டு வருஷ வேலைய ஏன்மா விட்டீங்க? எனக்குப் பொய் தீந்துபோச்சுக்கா. உள்ளதச் சொல்லிட்டேன். செத்துப்போயிருவேன்னு சொன்னாங்க சார், அதான் விட்டுட்டேன்னேன்.

இல்லக்கா, பயப்படாதீங்க, இப்ப ஒண்ணும் இல்ல. தண்ணி குடிக்கறீங்களா? வயித்துல கட்டி. ஆறு மாசம்னாங்க. நானும் அழுது முடிச்சுட்டு, எல்லாத்தையும் ஒழுங்கா முடிச்சு வச்சுட்டேன். வேலைய விட்டேன், ஒவ்வொருத்தரா கையப் பிடிச்சு அழுதாங்க. அண்ணன் வீட்டுல போய்ப் படுத்தேன். நான் பாக்கணும்னு அவரு பொண்ணு கல்யாணத்த அவசர அவசரமா நடத்துனாங்க. அண்ணிகிட்ட இருபது வருஷமா மனசுல வச்சிருந்ததயெல்லாம் கொட்டிட்டேன், போற நேரத்துல எதுக்கு மிச்சம் வைக்கணும்னு. ஆறு மாசமாச்சு, எட்டு மாசமாச்சு, நான் போகல. வேற ஆஸ்பத்திரில பாத்தா, இது கெட்ட கட்டி இல்ல, வெறும் கட்டிதான், எடுத்தாச் சரியாப் போயிரும்னாங்க. எடுத்தாங்க, சரியாப் போச்சு.

அண்ணன் அழுதுட்டாரு, சந்தோஷத்துல. அண்ணியும் ஒரு வார்த்த தப்பாச் சொல்லல. ஆனா ஒரு நாள், இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கன்னு தட்ட நீட்டுனேன். அண்ணி கையில கரண்டி ஒரு நொடி அப்படியே நின்னுச்சு. அடுத்த வாரம் ஒத்தப் பையோட இங்க வந்துட்டேன். அவங்க அழ வேண்டியதயெல்லாம் அழுது முடிச்சுட்டாங்கக்கா. மறுபடி நான் அங்க என்னன்னு இருக்கறது?

அந்த மொதலாளி அதக் கேட்டுட்டு மேசை மேல ஒரு துணியப் போட்டாரு, வெட்டுங்கம்மான்னாரு. வெட்டுனேன். எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாரு. எல்லாரையும் கேக்கற மாதிரிதான் கேட்டாரு, சேந்தா எத்தன வருஷம் இருப்பீங்க?

அக்கா, ஒரு வருஷமா அந்தக் கேள்விய யாரும் என்கிட்ட கேக்கல. நெறைய வருஷம் இருப்பேன் சார்னேன். அதுக்கென்னம்மா, இருங்கன்னுட்டு அடுத்த ஆளக் கூப்பிட்டாரு.

நாளைக்கு ஒம்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.