ஏழாம் எண் ஆட்டின் தொடையெலும்பு

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. அரசாங்க அலுவலகத்துப் பேனா என்றால் நாலு வரியில் மை நின்றுபோகும் என்று நினைத்திருந்தேன். சொந்த வார்த்தைகளில், முதலிலிருந்து, அவசரப்படாமல் எழுதச் சொன்னீர்கள். நான் அவசரப்படுகிறவன் இல்லை. இருபத்தாறு வருடம் ஒரே பொருளோடு மல்லுக்கட்டியவன் அவசரக்காரனாக இருக்க முடியாது.

முதலில் அந்தப் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் விசாரணைக் கோப்பில் அதை மருந்து என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து இல்லை, அது ஒரு கூழ். ஊசிக்குழலில் இருக்கும்வரை தண்ணீராக ஓடும். உடைந்த எலும்பின் இடைவெளியில் செலுத்தினால் உடம்புச் சூட்டில் ஐந்தே நிமிடத்தில் கெட்டித் தயிர்போல உறைந்துவிடும். எந்த மூலைமுடுக்கானாலும் போய் நிரப்பிக்கொள்ளும். அதில் கலந்திருக்கும் புரதம் பக்கத்திலுள்ள எலும்பைத் தூண்டிவிடும். கூழ் மெல்லக் கரையக் கரைய, அது இருந்த இடத்தில் எலும்பு வளரும். கத்தி வேண்டாம், தகடு வேண்டாம், இடுப்பிலிருந்து எலும்பைச் சுரண்டி எடுத்து ஒட்டும் வேலையும் வேண்டாம். குதிரையிலிருந்து விழுந்து கால் உடைத்துக்கொள்வதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் நம் நாட்டுக்கு இதைவிட உபயோகமான பொருள் எதுவென்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. போன இலையுதிர்காலத்தில் பன்னிரண்டு ஆடுகளின் தொடையெலும்பில் துளை போட்டுக் கூழை நிரப்பினோம். பதினோரு ஆடுகள் ஆறு வாரத்தில் துள்ளிக் குதித்தன. ஏழாம் எண் ஆடு மட்டும் நாலாவது வாரம் நொண்ட ஆரம்பித்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தின் கால்நடை மருத்துவர் பெகாயிம்தான் வந்து சொன்னாள். மற்றவர்களைப்போல அவளும் என்னைப் பைக்கே, அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"பைக்கே, ஏழாம் நம்பர் பின்னங்காலை ஊனவே மாட்டேங்குது. குளம்பத் தொட்டுப் பாருங்க, சில்லுனு கெடக்கு."

"ஆடுன்னா நொண்டத்தான் செய்யும். வேலியில மோதியிருக்கும்."

"வேலியில மோதினா சதைக்குள்ள எலும்பு முளைக்குமா?" என்று எக்ஸ்ரே படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

கூழ் உறைவதற்குள் கொஞ்சம் கசிந்து தொடையின் பின்புறச் சதைக்குள் இறங்கியிருந்தது. போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை, தன் வேலையைச் செய்துவிட்டது. தொடையெலும்பிலிருந்து சதைக்குள் ஒரு கொம்பு முளைத்து, காலுக்குப் போகும் ரத்தக்குழாயை நெரித்துக்கொண்டிருந்தது. படத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, பெருமை. சதையிலேயே எலும்பை வளர்க்கிறதே என்று பூரித்துப்போனேன். பயம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. அந்த வார வியாழக்கிழமை, மனிதர்களுக்கு இந்த ஊசியைப் போடலாமா என்று முடிவு செய்யும் குழு எங்களைப் பார்க்க வருவதாக இருந்தது.

விதிப்படி ஆட்டைக் கொன்று, எலும்பைச் சீவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மிச்ச உடம்பை எரிக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர் கிர்கிஸ்காரராக இருக்க முடியாது. முழு ஆட்டு இறைச்சியை நெருப்பில் போடு என்று இங்கே யாரிடமும் சொல்லிவிட முடியுமா? எங்கள் எரியுலையில் பல வருடமாக விளக்குமாறுகளைத்தான் வைத்திருக்கிறோம். ஐந்து பெரிய மனிதர்கள் விருந்தாளிகளாக வருகிறார்கள். விருந்தாளி வந்தால் ஆடு வெட்ட வேண்டும். என்னிடம் ஒரு ஆடு அதிகப்படியாக இருந்தது. காதில் தொங்கிய எண்ணை நானே கழற்றினேன்.

அந்த எலும்பை மட்டும் தனியே எடுத்து வைத்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். அதற்கு எங்கள் ஓட்டுநர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்டை மூட்டு மூட்டாகப் பிரித்தவன் அவன்தான். "ஒரு தொடையக் காணோமே, மூணு கால் ஆட்டையா வெட்டினீங்கன்னு கேப்பாங்க பைக்கே. மானம் போயிரும்," என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான். பந்தியில் எலும்புகள் வயதுப்படி முழுசாகப் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இடுப்பெலும்பு மூத்தவருக்குப் போனது. தொடையெலும்புகளில் ஒன்று, அடுத்த மூத்தவரான பேராசிரியர் ஒமுர்காசிக்குப் போனது. நாற்பது வருடம் எலும்பு வைத்தியம் பார்த்தவர் அவர். இரண்டில் எது அவர் தட்டில் விழுந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் இறைச்சியைக் கடித்து இழுத்துவிட்டு, எலும்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நான் அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

"என்னப்பா எசென்குல், ஆட்டுக்குத் தொடையில கொம்பு முளைச்சிருக்கு?"

"குட்டியில மலையிலேருந்து விழுந்திருக்கும், ஐயா. தானா ஒட்டும்போது கோணலாயிருச்சு போல."

"பாத்தீங்களாய்யா!" என்று மற்ற நால்வரையும் பார்த்து எலும்பை ஆட்டினார். "ஆட்டுக்கே தானா ஒட்டுது. இவன் என்னடான்னா கூழு கீழுன்னு இருபத்தஞ்சு வருஷமா நம்மள ஓட்டிக்கிட்டிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் எலும்பைத் தட்டி மஜ்ஜையை உறிஞ்சினார், நல்ல கொழுப்பு என்று பாராட்டினார். மிச்ச இறைச்சியோடு அந்த எலும்பையும் வழக்கம்போல ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போனார். என்னிடமிருந்த ஒரே மோசமான சாட்சி, என்னைச் சோதிக்க வந்தவரின் கோட்டுப் பைக்குள் ஏறி வாசல் தாண்டிப் போனது. ஒன்றை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன். அன்றைக்குச் சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூட வயிறு கலங்கவில்லை.

அறிக்கையில் பதினோரு ஆடுகள் என்று எழுதினேன். பெகாயிம் அதை வாசித்துவிட்டு வந்தாள்.

"பன்னெண்டாவது எங்க போச்சு?"

"அது விருந்துக்குன்னு சந்தையில வாங்கினது."

"காதுல நம்பரோடயா வித்தாங்க?"

அறிக்கையை அவள் கையிலிருந்து வாங்கி உறையில் போட்டு ஒட்டினேன். அவளுக்கு நாக்கு நீளம். கெட்டிக்காரிதான், அதை நான் மறுக்கவில்லை. அந்த எக்ஸ்ரே படத்தைக் கைபேசியில் எடுத்து வைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். டிசம்பரில் குழுவின் அனுமதிக் கடிதம் வந்தது. பத்துப் பேருக்கு ஊசி போடலாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அந்தக் கடிதத்தை மூன்று தடவை வாசித்துக் காட்டினேன்.

இனி எர்னிஸ். மேற்கே தலாஸ் ஊர்க்காரன், இருபத்தாறு வயது. குதிரைமேல் இருந்தபடி ஆட்டுடலுக்காக முட்டிமோதும் கோக்-போரு ஆட்டக்காரன். போன வருடம் கோடையில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, எட்டு மாதமாகியும் சேரவில்லை. ஒமுர்காசியின் மருத்துவமனையில் இடுப்பெலும்பை எடுத்து ஒட்டலாம் என்றார்கள். அது நிச்சயமாகச் சேரும், ஆனால் இன்னும் ஆறு மாதம் படுக்க வேண்டும். அவனுக்கு இந்தக் கோடையிலேயே குதிரை ஏற வேண்டும். ஏப்ரலில் மனைவி ஜிபெக்கையும் இரண்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். குழந்தை என் மேசையிலிருந்த பிளாஸ்டிக் முழங்காலைப் பிரித்துப்போட்டது.

"பைக்கே, இதுல ஆபத்து ஏதாச்சும் உண்டா?"

"நாப்பது குதிரைக்கு நடுவுல பாயறவன், ஒரு ஊசிக்குப் பயப்படறியா?"

ஜிபெக் வாய்பொத்திச் சிரித்தாள். அவன் காது சிவக்கக் கையெழுத்துப் போட்டான். அவனிடம் நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவன் ஒரு கேள்வி கேட்டான், நான் ஒரு கேள்வி கேட்டேன்.

முதல் இரண்டு வாரத்தில் எடுத்த படங்கள் அவ்வளவு அழகு. இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டினேன். மூன்றாவது வாரம் ஜிபெக் தலாஸிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள்.

"பைக்கே, இவரு கால் விரலெல்லாம் நீலமா இருக்கு. தொட்டா சில்லுனு கெடக்கு. கெண்டைக்கால் சதை கல்லாட்டம் இருக்கு."

எனக்கு எதுவும் புரியாமல் இல்லை. எந்த ரத்தக்குழாயை எது நெரிக்கிறது என்று படம் போட்டே காட்டியிருப்பேன்.

"எலும்பு வளருதும்மா. வளர்ற எலும்பு ரத்தத்த இழுத்துக்கும். கம்பளியில சுத்தி வை. ஆட்டு வால்கொழுப்ப உருக்கித் தேயி."

"இங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"அவங்களுக்கு இந்த வைத்தியம் தெரியாது. காலை எடுத்துருவாங்க. பொறுமையா இரு."

அன்றைக்கே திறந்து பார்த்திருந்தால் கால் பிழைத்திருக்கும். மூன்றாம் நாள் திறந்திருந்தால் கால் போய் உயிர் நின்றிருக்கும். இரண்டும் எனக்கு அப்போதே தெரியும். நீங்கள் இதை மூன்று விதமாகச் சுற்றிச் சுற்றிக் கேட்டீர்கள், நேராகக் கேட்டிருந்தால் நேராகவே சொல்லியிருப்பேன். ஆனால் அந்தக் காலைத் தலாஸில் எவனாவது திறந்தால், அன்றோடு எங்கள் ஆய்வை இழுத்து மூடிவிடுவார்கள். இன்னும் ஒன்பது பேர் வரிசையில் இருந்தார்கள். இனி இந்த நாட்டில் உடையப்போகும் ஆயிரக்கணக்கான கால்கள் இருந்தன. ஒரு காலைப் பார்ப்பதா, ஆயிரம் காலைப் பார்ப்பதா? நான் ஆயிரத்தைப் பார்த்தேன். பெகாயிம் அவனை உடனே வரவழைக்கச் சொல்லிக் கத்தினாள். தெற்குக் கோடியில், ஓஷில் உள்ள பண்ணைக்கு ஆடு பார்த்துவிட்டு வா என்று அவளை அனுப்பிவைத்தேன்.

ஜிபெக் தினமும் அழைத்தாள். நானும் ஒவ்வொரு தடவையும் எடுத்துப் பேசினேன். எடுக்காமல் இருப்பது மரியாதையில்லை. ஆறாம் நாள் எர்னிஸே பேசினான். குரல் தெளிவாக இருந்தது.

"பைக்கே, இன்னைக்குக் காலையிலேருந்து வலியே இல்ல. நல்லதுதானே?"

"நல்லதுதான்டா," என்றேன்.

நரம்பு செத்த கால் வலிக்காது. அதைச் சொல்லி அவனை ஏன் பயமுறுத்த வேண்டும்? அவன் சந்தோஷமாக இருந்தான், குதிரைக்குப் புதுச் சேணம் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னான்.

ஒன்பதாம் நாள் அவன் அப்பா யாரையும் கேட்காமல் காரில் போட்டுத் தலைநகர் பிஷ்கெக்குக்குக் கொண்டுவந்துவிட்டார். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். விஷம் ரத்தத்தில் கலந்திருந்தது. மறுநாள் மத்தியானம் போய்விட்டான். பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னபோது அவன் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "ஏற்கெனவே ஒரு காலை வெட்டிட்டீங்க. இன்னும் என்னத்த அறுக்கப் போறீங்க?" என்று அழுதார். நான் அவர் பக்கம் நின்றேன். நம் வழக்கத்தை மதியுங்கள் என்று டாக்டர்களிடம் வாதாடி, அறுக்காமல் உடலை வாங்கிக் கொடுத்தேன். எடுத்த காலையும் அவனோடுதான் புதைக்க வேண்டும் என்று சொல்லி, அதையும் வாங்கி வெள்ளைத்துணியில் என் கையாலேயே சுற்றிக் கொடுத்தேன். அவன் அப்பா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அடக்கத்தில் நான் அழுதது நடிப்பில்லை. நல்ல பையன் அவன்.

இப்போது அந்தக் குழியைத் தோண்டச் சொல்லி உத்தரவு வாங்கியிருக்கிறீர்கள். தோண்டுங்கள். அவன் கெண்டைக்கால் சதைக்குள் ஒரு கொம்பு இருக்கும். ஆட்டில் பார்த்தேன், மறைத்தேன். மனிதனில் பார்க்காமலே தெரிந்துகொண்டேன், அதையும் மறைத்தேன். கையெழுத்துப் போடச் சொன்னால் இந்த வரிக்குக் கீழேயே போடுகிறேன். ஆனால் தெரிந்தே ஆபத்தான ஒன்றை அவன் காலில் ஏற்றினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தக் கூழை நான் நம்பினேன். இன்றைக்கும் முழுசாக நம்புகிறேன்.

நீங்கள் கொடுத்த தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி குறித்திருக்கிறீர்கள். இதற்கும் கொலைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை, இருந்தாலும் பதில் சொல்கிறேன். ஆம், பிப்ரவரியில் ஆய்வுக்கூட முற்றத்தில் பனியில் வழுக்கி விழுந்தேன். முழங்காலுக்குக் கீழே உடைந்தது. அனுமதிக் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. குளிர்பெட்டியில் ஆறு ஊசிகள் தயாராக இருந்தன. பெகாயிம் என் தலைமாட்டில் குனிந்து, "நம்ம ஊசி இருக்கே பைக்கே, எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டதும் உண்மைதான். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். ஒமுர்காசியின் மருத்துவமனையில் தகடும் ஆறு திருகாணிகளும் வைத்தார்கள். இதில் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? நான் குடும்பஸ்தன், காலில் எல்லாம் விளையாட முடியாது.