அம்மாவுக்கு ஒரு தனி லைன்

ஒரு கம்ப்யூட்டருக்கு எதற்கு ரெண்டு நெட் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. புது வயர் இழுக்க வந்தவர் வேலையை மட்டும் பார்க்காமல் மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்துக் கேட்டதால், உட்காருங்கள், சொல்கிறேன். உங்களுக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு.

பின்னால் செருகியிருக்கிற அந்த டாங்கிளில் ஒரு பழைய சிம் இருக்கிறது. உங்கள் ஃபைபர் வருவதற்கு முன் வாங்கியது. நான் ஒரு கம்பெனியின் சர்வர்களைக் கவனிக்கிறவன். வார இறுதி டியூட்டியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்கான புரோகிராம் இந்தக் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்கு வெளிநாட்டிலிருந்து தம்பி வீடியோவில் வருவான். அம்மா இதே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பேசுவாள். அப்போது ஃபைபரில் நாங்கள் வைத்திருந்தது மிகச் சின்ன பிளான். ரெண்டும் ஒரே லைனில் போனால் ஆபீஸ் புரோகிராம் அறுந்துபோகும், மேனேஜர் போன் பண்ணிக் காய்ச்சி எடுப்பார்.

விண்டோஸுக்கு ரெண்டு லைன் கொடுத்தாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அதன் வழியாகவே அனுப்பும். இன்ன புரோகிராம் இன்ன லைனில் போகட்டும் என்று பிரித்துவிடத் தனியாக ஒரு மென்பொருள் வேண்டும். பட்டியலில் புரோகிராமின் பெயர் வரும்; எந்த லைன் என்று நாம் சொல்ல வேண்டும். ஆபீஸுக்கும் பிரவுசருக்கும் ஃபைபர், அம்மாவின் வீடியோவுக்கு டாங்கிள் என்று போட்டேன். அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. இதை நீங்கள் முக்கியமாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஞாயிறே டாங்கிள் தாங்காமல் படம் நின்றுவிட்டது. "பெரியவனே, சின்னவன் வாயத் தொறந்தபடியே நின்னுட்டான்டா, வந்து பாரேன்" என்று அம்மா கூப்பிட்டாள். போய் வீடியோவை ஃபைபருக்கு மாற்றினேன். தம்பி அசைந்தான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்து, "உங்கண்ணன் மட்டும் இல்லேன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாதுடா" என்றாள்.

நாற்பத்திரண்டு வருடமாக நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன். மாத்திரை வாங்குகிறவன், அவள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறவன், தண்ணீர் மோட்டாரைப் போட்டு அணைக்கிறவன் எல்லாம் நான்தான். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை அதற்கு முன் வந்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த வாரம் மறுபடியும் டாங்கிளுக்கு மாற்றிவைத்தேன். பிறகு ஒவ்வொரு தடவையும் மேசைக்கு வந்துபோவது சிரமமாக இருக்கிறதே என்று, போனிலிருந்தே மாற்ற வழி செய்துகொண்டேன். ஹாலில் சிரிப்புச் சத்தம் நீண்டுகொண்டே போனால் சமையலறையிலிருந்தே போனில் ஒரு தட்டு தட்டுவேன். வீடியோ டாங்கிளுக்குப் போய்ப் படம் நின்றுவிடும். ஆனால் கட் ஆகாது. அந்தப் புரோகிராம் கடைசிப் படத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் காத்திருக்கும். அம்மா கூப்பிட்டதும் ஓடக் கூடாது என்பதையும் போகப்போகக் கற்றுக்கொண்டேன். உடனே போய் நின்றால் 'சரி, நீ போ' என்பாள். பத்து நிமிடம் தவிக்கவிட்டுப் போனால், என்னைப் பார்த்ததுமே முகம் மலர்ந்துவிடும்.

நீங்கள் மூன்று தடவை வந்தீர்கள். அம்மாதான் உங்களை வரச் சொன்னாள். பிரவுசரில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டினீர்கள். பிரவுசர்தான் ஃபைபரில் போகிறதே, முள் எகிறிக்கொண்டு போயிற்று. "உங்க பக்கம் ஒரு குறையும் இல்லம்மா, அவங்க பக்கம்தான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் எதுவும் சொல்லவில்லை. அதை நம்பித் தம்பி மூன்று நெட் கம்பெனி மாற்றினான். கடைசியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று பன்னிரண்டாவது மாடிக்கு வீட்டையே மாற்றிக்கொண்டு போனான். அவன் மனைவிக்கு உயரம் என்றால் பயம். அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் தைலம் தேய்க்கும்போது அம்மா கேட்டாள். "அவனே கட் பண்றானோடா? எங்கூடப் பேச அவனுக்கு அலுத்துப்போச்சோ?"

"அவனுக்கு வேல ஜாஸ்திம்மா, விடு" என்றேன். அவனுக்கு வேலை அதிகம்தான். விசாரித்துப் பாருங்கள்.

பொறாமை என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. தண்ணீரைக் குடியுங்கள். தம்பிக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். அவன் ஊருக்குக் கிளம்பிய அன்று பெட்டி கட்டிக்கொடுத்ததும் நான்தான்.

போன வருடக் கடைசியில், "அம்மாவ ஒரு ஆறு மாசம் என்கிட்ட வச்சுக்கறேண்ணா" என்றான். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பரண் மேலிருந்த பெட்டியை என்னையே இறக்கச் சொல்லித் துடைத்துக் கட்டிலடியில் வைத்துக்கொண்டாள். அங்கே யார் தைலம் தேய்ப்பார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு கவலை இல்லை. ஆறு மாதம் என்று போகிறவர்கள் திரும்பி வருவதில்லை என்பதும் தெரியும்.

டிக்கெட் தேதியை அந்த ஞாயிறு சொல்வதாக இருந்தான். நான் சமையலறையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். "எந்தத் தேதிடா, சொல்லேன்" என்று அம்மா சிரிப்பது கேட்டது. போனை எடுத்துத் தட்டினேன். ஹால் அமைதியானது.

கொஞ்ச நேரத்தில் "பெரியவனே" என்றாள். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது.

மறுபடியும் "பெரியவனே" என்றாள். படம் நின்றால் அவள் அப்படிக் கூப்பிடுவதில்லை. நின்னுட்டான்டா, கண்ண மூடிட்டான்டா என்று எதையாவது தம்பியைப் பற்றிச் சேர்த்துத்தான் சொல்வாள். அன்று தம்பி அதில் இல்லை. என்னை மட்டும் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை பாதியில் நின்றுபோய், நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. வித்தியாசம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரியவில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் பத்து நிமிடம் என்று ஒரு வழக்கம் இருந்தது. பத்து முப்பதுக்குக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனேன்.

முதலில் லைனை ஃபைபருக்கு மாற்றினேன். கை பழகிவிட்டது. தம்பி அசைந்தான். "வந்துட்டியாண்ணா? அம்மா எங்க?" என்றான். அம்மா கேமராவுக்குக் கீழே, தரையில் இருந்தாள்.

டாக்டர், "எப்ப விழுந்தாங்க?" என்று கேட்டார். "இப்பதான்" என்றேன். பத்து நிமிடத்துக்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று பிறகு அவர் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவ்வளவு நேரமும் தம்பியின் திரையில் அம்மா சிரித்தபடியே இருந்தாளாம். அண்ணன் வந்து சரி பண்ணுவான் என்று அவன் கட் பண்ணாமல் காத்திருந்தான். "கடைசியா சிரிச்ச மொகமாப் பாத்தேண்ணா, அது போதும் எனக்கு" என்று அழுதான். அந்த முகத்தை அவனுக்குக் கொடுத்தது யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இப்போது ஞாயிறு பத்து மணிக்கு அவன் என்னைத்தான் கூப்பிடுகிறான். "உனக்கு யாருமே இல்லையேண்ணா" என்று ஒரு மணி நேரம் பேசுகிறான். அவனை ஃபைபருக்கு மாற்றி, ஆபீஸ் புரோகிராமை டாங்கிளில் தள்ளிவிட்டேன். அது அறுந்துகொண்டே இருக்கிறது. மேனேஜரின் போனை நான் எடுப்பதில்லை. தம்பி கண்ணாடி மாதிரித் தெளிவாகத் தெரிகிறான். இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்றுதான் உங்களிடம் பெரிய பிளான் கேட்டேன்.

வயரைப் போட்டுவிடுங்கள். டாங்கிளை மட்டும் எடுக்காதீர்கள். அடுத்த மாதம் தம்பி வந்து என்னோடு ஆறு மாதம் தங்கப்போகிறான். போனில் முகம் சின்னதாகத் தெரியும், இந்தப் பெரிய திரையிலேயே பேசு என்று சொல்லியிருக்கிறேன். அவன் மனைவி தினமும் கூப்பிடுவாள்.