மூணு செகண்டுக்கு ஒரு கையெழுத்து

– மூணு செகண்டு சிரிப்புக்கு முப்பதாயிரம். இதுக்கு மேல கம்பெனி ஒரு பைசா ஏறாது, மாப்ள. கையெழுத்தைப் போடு.

– உங்க கூடப்பிறந்த தங்கச்சியோட சிரிப்பு, மச்சான். அதுக்கு விலை பேசிட்டு வந்து நிக்கிறீங்க.

– பேசாம? இனாமா வாங்கினா செல்லாதுங்கிறார் வக்கீல். நாளை மத்தியானம் நாம செஞ்ச வீடியோ கேம் நம்ம கையை விட்டுப் போகுது. அதுல கேக்கிற ஒவ்வொரு குரலுக்கும் காகிதம் வேணும். இந்த ஒண்ணுக்குத்தான் இல்ல. அண்ணன் கையெழுத்து செல்லாதாம், புருஷன்தான் போடணுமாம்.

– அன்னைக்கே அவகிட்ட வாங்கியிருக்கணும்.

– இப்படிக் கண்ணை மூடிடுவான்னு யார் கண்டது? சிரிக்க வேண்டிய நடிகைக்குத் தேதி இல்ல. இப்போதைக்கு இவ சிரிக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்னு நினைச்சோம். நம்ம தொழில்ல இப்போதைக்குன்னு வச்சதுதானே கடைசி வரைக்கும் நிக்குது.

– சமையல்கட்டுல நான் மைக்கைப் பிடிச்சேன். சிரின்னா அவளுக்குச் சிரிப்பே வரல. நீங்க பெரிய சட்டியை எடுத்துத் தலையில கவுத்துக்கிட்டீங்க. அதுக்குச் சிரிச்சா.

– அப்போ கணக்குப்படி அந்தச் சிரிப்புல எனக்கும் ஒரு பங்கு இருக்கு.

– முழுசாவே எடுத்துக்கங்க. கேம்ல மட்டும் வேண்டாம். தூக்கிடுங்க.

– தூக்கிட்டு? யோசிச்சுப் பாரு. ஆடுறவன் மூணு மணி நேரம் ஆளில்லாத ஊர்ல நடந்து வர்றான். எந்த வீட்டைத் தட்டினாலும் பதில் இல்ல. கடைசியா அந்தப் பச்சைக் கதவு. திறந்தா உள்ள இருட்டு, இருட்டுக்குள்ள ஒரு சிரிப்பு. ஆள் இருக்கு! மொத்த ஆட்டமும் அந்தக் கதவுலதான் நிக்குது.

– வேற பொண்ணைக் கூப்பிடுங்க. ரெண்டாயிரம் கொடுத்தா நாலு விதமா சிரிச்சுக் கொடுப்பாங்க.

– காசுக்குச் சிரிச்சா காது கண்டுபிடிச்சிடும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான்டா.

– மச்சான், நாள் பத்தலைன்னு ரெண்டு தெருவையும் ஒரு ஆத்தையும் வெட்டினீங்க. ஆறு வாரம் உக்காந்து நான் செஞ்ச மழைச் சத்தத்தை ஒரு டீ ஆறுறதுக்குள்ள தூக்கிப் போட்டீங்க. கார்டுல தயாரிப்பாளர்னு போட்டிருக்கு, ஆபீஸ்ல உங்களுக்குப் பேரு கத்திரி. மூணு செகண்டை வெட்ட மட்டும் கை வரலையா?

– எங்க அப்பாவும் ஜவுளிக்கடையில கத்திரி பிடிச்சவர்தான். கத்திரியை வைக்கிறதுக்கு முன்னாடி துணியை மூணு தடவை தடவிப் பார்ப்பார். வெட்டினா ஒட்டாதே. சரி, நாப்பதாயிரம்.

– இப்பதானே ஒரு பைசா ஏறாதுன்னீங்க?

– கம்பெனி ஏறாது. மேல பத்து நான் போடுறேன்.

– உங்களுக்கு ஏன் இந்தத் தலையெழுத்து?

– கேம் ஓடினா எனக்கு லாபம். வேற என்ன?

– வியாபாரி வீட்டு வாய். நான் ஏன் வேண்டாங்கிறேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?

– சொல்லு.

– என் அறைக்கும் டெஸ்டிங் ரூமுக்கும் நடுவுல வெறும் பலகை. அவ போய் எட்டு மாசம் ஆச்சு. பசங்க ஆடிப் பார்க்கிறப்போ அந்தப் பக்கம் சிரிப்பா. அது வேலை, பொறுத்துக்கிட்டேன். இந்த ஒரு மாசமா வேற மாதிரி. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் மாடிக்குப் போயிடுறாங்க. ஈ பறந்தா கேக்கும். அப்போ ஆரம்பிக்கும். கேம்ல அந்தப் பச்சைக் கதவு திறக்கும், சிரிப்பா, மூடும். மறுபடி திறக்கும். ஆட்டத்துல ஒரு அடி முன்னால போறதில்ல. திறக்கிறது, மூடுறது, அவ்வளவுதான். எவனோ ஒருத்தன் அவளை வச்சு விளையாடுறான்.

– எட்டிப் பார்த்திருக்கலாமே.

– எந்திரிச்சுப் போவேன். டெஸ்டிங் ரூம் கைப்பிடி வரைக்கும் கை போகும். உள்ள அவ சிரிச்சிட்டிருப்பா. நான் திறந்தா எவனோ ஒருத்தன் முதுகுதான் தெரியும். அதுக்கு எதுக்குத் திறக்கணும்? திரும்பி வந்து ஹெட்போனை மாட்டிக்குவேன். அதுல எதுவும் ஓடாது. சும்மா மாட்டிக்குவேன்.

– என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம், மாப்ள.

– இப்ப சொல்றேன். உங்க பத்தும் வேண்டாம், கம்பெனி முப்பதும் வேண்டாம். காகிதத்துல எதை வேணா எழுதிக்கங்க. அவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க. இனிமே அந்த அறைக்குள்ள அவன் கால் வைக்கக் கூடாது. இதுக்கு ஒத்துக்கிட்டா இந்த நிமிஷமே கையெழுத்து.

– யாரா இருந்தா என்ன? நாளையோட டெஸ்டிங்கே முடியுது. அந்த அறையையே காலி பண்ணப் போறோம்.

– என் விலை இது. பேரம் கிடையாது.

– பதினாலு பசங்க. யாருன்னு நான் எப்படி...

– கேம்ல அந்தக் கதவு ஒவ்வொரு தடவை திறக்கிறப்பவும் யார் பேர்ல திறந்துச்சுன்னு மெஷின் எழுதி வைக்குது. பசங்க வேலையை ஏமாத்தக் கூடாதுன்னு அந்த ஏற்பாட்டைப் பண்ணினதே நீங்க. இதோ உங்க லேப்டாப். படிங்க.

– முதல்ல கையெழுத்து.

– முதல்ல பேரு.

– விட்டுடு மாப்ள. உனக்கு வேண்டாம்னா நானே தூக்கிடறேன். காகிதத்தைக் கொடு, கிழிச்சுப் போடுறேன்.

– இவ்வளவு நேரம் விலையை ஏத்தினவர் இப்ப சரக்கே வேண்டாங்கிறீங்களா? எவனைக் காப்பாத்துறீங்க? படிங்க மச்சான்.

– சரி, கேட்டுக்கோ. இந்த மாசம் பச்சைக் கதவு திறந்தது மொத்தம் இருநூத்திப் பதினாலு தடவை. பசங்க பதினாலு பேரும் சேர்ந்து முப்பத்தொண்ணு. உன் பேர்ல ஒண்ணுகூட இல்ல. மிச்சம் நூத்தி எண்பத்திமூணும் என் பேர்ல.