குண்டு எழுத்தும் குண்டுத் தங்கையும்

இதைக் கையில் எடுத்தவரே, தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் கூடவே கூடாது. நாளை அக்காவின் இரங்கல் கூட்டத்தில் படிக்க அம்மா திருத்திக் கொடுத்த தாள் வேறு. நான் பேச வேண்டியது இது.

மேடையில் அமர்ந்திருக்கும் அக்காவின் அலுவலக மேலாளர் அவர்களே, அக்காவோடு வேலை பார்த்த அண்ணன்களே, அக்காமார்களே, முன்வரிசையில் இருக்கும் என் அம்மாவே, வணக்கம்.

என் அக்கா யார்? கடைப் பலகைக்கும் சுவரொட்டிக்கும் என்றே, தடித்த, உருண்டையான எழுத்துரு ஒன்றை வரைந்தவள். காம்பஸும் ஸ்கேலும் வைத்து வரைந்தவள். எந்த முனையும் கூராக நிற்காமல் மழுக்கியவள். அதற்கு அவள் வைத்த பெயர் ‘குண்டு’. குண்டு யார்? நான்தான். வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மேலாளர் அவர்களே, அதைப் பார்த்து, "புசுபுசுன்னு எவ்ளோ அழகா இருக்கு" என்றீர்கள். அன்றைக்கே, அக்காவைப் பார்க்க அலுவலகம் வந்த என்னிடம், "பாப்பா, நீ அடுத்த லிஃப்ட்ல வா" என்றீர்கள். அது குண்டாக இருந்தால் அழகு, நான் குண்டாக இருந்தால் சிரிப்பா? பெயர் என்னுடையது, புகழ் அதனுடையதா? ஆம், ஒரு காகிதத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

"அதோட உனக்கு என்னடி சண்டை?" என்றாள் அக்கா.

"நீ அதோடயே குடித்தனம் பண்ணு."

"உருண்டை எழுத்துக்குக் கோட்டைத் தாண்டி ஒரு மயிரிழை கூடுதலா கொடுக்கணும்டி. அளந்து சமமா கொடுத்தா பக்கத்து எழுத்தைவிடச் சின்னதா தெரியும்."

"எனக்கு யாரு கூடுதலா கொடுத்தா?"

அவள் சிரித்தாள்.

அன்றைக்குத்தான் ‘ஞ’ வரைந்த தாளை எடுத்து என் பூகோளப் புத்தக அட்டைக்குள் செருகினேன். ஒரு வாரம் தேடவிட்டுத் தரலாம் என்று நினைத்தேன். நான்காம் நாள் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

‘ஞ’ இல்லாமல் ‘ஞாயிறு விடுமுறை’ என்று ஒரு கடைக்காரர் பலகை வைக்க முடியுமா? எழுத்துரு பாதியில் நிற்கிறது. அடுத்த மேசை அண்ணன்தான் தாளைத் தொலைத்தார் என்று அவரை வேலையைவிட்டு அனுப்பப் பார்க்கிறீர்கள். அவர் தொலைக்கவில்லை.

அவையோரே, எங்கள் இருவருக்கும் ஒரே கட்டில். நான் மல்லாந்து படுப்பேன். அக்கா சுவரோடு ஒட்டி ஒருக்களித்துப் படுப்பாள். "சுவர் ஜில்லுன்னு இருக்குடி" என்பாள். நேற்று அவள் படுத்த இடத்தை அவளுடைய ஸ்கேலாலேயே அளந்தேன். ஒன்றரை அடிகூட இல்லை. மிச்சமெல்லாம் எனக்கு.

எனவே அக்காவின் வேலை நிற்காது என்று உறுதி சொல்கிறேன். இதோ, இந்த மேடையிலேயே, உங்கள் எல்லோர் முன்னாலும், அந்தத் தாளை என் கையாலேயே அண்ணனிடம்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மா. ‘ஞ’ மேசைமேல் கிடக்கிறது. கிடக்கட்டும்